பல் பிடித்துப் பார்த்தது

இன்வர்கார்கிலில் தெற்குக் காற்றுக்கு
வேலிக்கம்பமும் சாய்ந்துதான் நிற்கும்.
இங்கே இறைச்சி ஆலையில் பரிசோதகி நான்.
ஆட்டின் கீழுதட்டைக் கட்டைவிரலால் தாழ்த்தினால் போதும்:
இரண்டு பல், நான்கு பல், முழு வாய்.
எந்த ஆடும் இதுவரை என்னிடம்
வயதைக் குறைத்துச் சொன்னதில்லை.

கிராண்ட்லி பாஸ்கின் கொட்டகையில்
அந்த நீல டர்போவைப் பார்த்தபோது மட்டும்
விரல் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது.
ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தது.
காற்றைக் குடிக்கவென்றே மூடிமேல் ஒரு வாய்.
மீட்டரில் எண்பத்தேழாயிரம்.
சாவியைத் திருப்பினேன்.
அடிவயிற்றில் யாரோ மேசையை இழுத்ததுபோல் உறுமல்,
அதன்மேல் ஒரு பெண்குரல், ஜப்பானிய மொழியில்,
ஒரே வாக்கியம், அத்தனை மரியாதையாக.
வரவேற்கிறாள் என்று நினைத்தேன்.
நாற்பத்தாறு வயதில்
வேறு யார் வரவேற்கிறார்கள்?
கையெழுத்துப் போட்டேன்.

வாரன்டி மூன்று ஆண்டு.
மை காய்ந்த பிறகு, இரவில்தான் படித்தேன்.
கிளட்ச் சேராது. டர்போ சேராது.
ரப்பரில் செய்தது எதுவும் சேராது.
தெரெதொங்கா பந்தயத் தடத்தில்
ஒரு சுற்று ஓட்டினாலும் மொத்தத் தாளும் செல்லாது.
சர்வீஸ் முத்திரை ஒன்று தவறினால் அப்போதும்.
சுழல்வது, தேய்வது, சூடாவது நீங்கலாக
எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றிருந்தார்கள்.
சாம்பல்கிண்ணத்தைப் பற்றி இனிக் கவலையில்லை.

மறுவாரம் டிபேனே பெல்ட் மூடியைக் கழற்றினான்.
"பல் பார்ப்பது உன் வேலைதானே, பார்."
ஓட்டினேன் கட்டைவிரலை.
ஒவ்வொரு பல்லின் அடியிலும் வெடிப்பு,
முனை மழுங்கி, இடையில் ஒன்று பாதிதான்.
கிழட்டு வாய்.
இன்னும் ஒரு மேட்டில் ஏறியிருந்தால்
வால்வும் பிஸ்டனும் முட்டிச் செத்திருக்கும்.

மூடியின் உட்புறத்தில் ஓர் ஒட்டுத்தாள்.
எண்கள் தெரிந்தன; எழுத்து எனக்கு வெறும் கோடு.
படமெடுத்து, ப்ளஃபில் சிப்பி உடைக்கும்
சிசுருவுக்கு அனுப்பினேன்.
கத்தியைக் கீழே வைத்த இடைவேளையில் பதில் வந்தது:
"ஹெய்செய் இருபத்துமூன்று, ஜூலை.
பெல்ட் மாற்றியது ஒரு லட்சத்து நாலாயிரம் கிலோமீட்டரில்.
எழுதியவருக்கு நல்ல கை."

எண்பத்தேழுக்குள் நூற்றுநாலு எப்படி நுழைந்தது?
பாஸ்க் காதைச் சொறிந்தான்.
எனக்கு வந்ததே அப்படித்தான் என்றான்.
பிறகு, தாளைப் பார்த்தபடி,
முழுப் பணமும் தருகிறேன், தீர்ப்பாயம் மட்டும் வேண்டாம்.

வாங்கியிருக்க வேண்டும். தெரியும்.
ஆனால் முந்தைய நாள்
நாலு சிலிண்டரின் அழுத்தத்தையும் டிபேனே அளந்திருந்தான்.
நாலும் ஒன்றுபோல், நூற்றைம்பதுக்குக் கீழே இறங்காமல்.
பொய் சொன்னது மீட்டர்.
எஞ்சின் எதுவுமே சொல்லவில்லை.

நாலாயிரத்து இருநூறு டாலரையும்
சாவியையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.
பெல்ட், நீர்ப்பம்பு, கிளட்ச்,
மிச்சத்தில் எண்ணெய், மழைக்கு ஒரு டயர்.
இரண்டாவது டயருக்கு இன்னும் சேர்க்கிறேன்.
வாரன்டித் தாளை நாலாக மடித்து
ஆடும் மேசையின் காலுக்கு வைத்தேன்;
அங்கே அது நன்றாகத் தாங்குகிறது.
எண்ணெய் ஐயாயிரத்துக்கு ஒருமுறை.
முத்திரை இல்லை, என் நோட்டு, என் பேனா.
புது மூடியின் உட்புறம் நானும் ஒட்டினேன்:
மாதம், ஆண்டு, லோர்னா ஹெஸ்லிப்.
கிலோமீட்டர் என்ற இடத்தில்: தெரியாது.

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று
ஒருநாள் சிசுருவை ஏற்றிக் கேட்கவைத்தேன்.
சிரித்துச் சிரித்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை."

இந்த ஊரில் சுங்கச்சாவடியே கிடையாது.
கம்பியைப் பிடுங்கிவிடவா என்றான் டிபேனே.
வேண்டாம் என்றேன்.

விடிகாலை நாலு நாற்பது, கண்ணாடியெல்லாம் உறைபனி,
அட்டை செருகப்படவில்லை என்கிறாள்.
தெரியும் என்கிறேன்.
எண்ணெய் சூடாகும்வரை இருவரும்
பேசாமல் இருக்கிறோம்.